தோள்மேல நாலு விரல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம்ங்ணா. சொந்த ஊரு சூரமங்கலம், இப்ப பெங்களூர்ல ஐடி வேலை. அப்பா தவறி அஞ்சு மாசம் ஆகுது. ஜப்பான் டைரக்டர் குரோசாவா எடுத்த 'இகிரு' படத்தப் பத்தி நீங்க முன்னாடி ஒரு கட்டுரை எழுதியிருந்தீங்க, கருமாதி முடிஞ்ச வாரம் தூக்கம் வராம ஒரு ராத்திரி அதைப் பார்த்தேன். கேன்சர் வந்த அந்த கிளார்க்கு பனியில ஊஞ்சல்ல உக்காந்து பாடற இடத்துல அழுதுட்டேன். ஆனா காலையில எந்திரிச்சா எதுவும் மாறலை. அப்பா இல்லை, ஒம்போது மணிக்கு லாகின் பண்ணணும். சாவைப் பத்தின படம், கவிதை, கதை இதெல்லாம் எதுக்குங்ணா? கோவமா கேக்கலை, நிஜமாவே தெரியாமத்தான் கேக்கறேன்.

போன வாரம் லீவுக்கு வந்தப்ப ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரு பைக்ல ஏற்காடு போனோம். ஏரிகிட்ட மிளகாய் பஜ்ஜி சாப்புட்டுட்டு இருக்கறப்ப ஒருத்தன் ஒரு ஜோக் சொன்னான், கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு சிரிச்சேன். சிரிச்சு முடிச்சதும் என்னமோ திருடி மாட்டிக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு. இறங்கறப்ப இருபது வளைவுலயும் ஒரு வார்த்தை பேசலை.

இன்னொண்ணு, எங்க காலேஜ் வாட்ஸப் குரூப்ல எந்நேரமும் எலெக்ஷன் சண்டை. எனக்கு ஒண்ணுமே ஒட்டலை. மனுசன் பொட்டுனு போயிடறான், இதுல எவன் ஜெயிச்சா என்னன்னு தோணுது. நீங்களும் இந்த நேரத்துல அரசியல் எழுத மாட்டேங்கறீங்க, உங்களுக்கும் அப்பிடித்தானா?

நேரம் இருந்தா பதில் போடுங்க.
ஆர்.

அன்புள்ள ஆர்.,

தம்பின்னே கூப்புடறேன், கோச்சுக்காதீங்க. கடிதம் வந்து பத்து நாளாச்சு. உடனே ஒரு பதில் எழுதினேன், மறுநாள் படிச்சுப் பார்த்தா டிவியில காலங்காத்தால வர்ற சாமியார் பேச்சு மாதிரி இருந்துச்சு, அழிச்சுட்டேன். இது ரெண்டாவது.

மொதல்ல படம். எல்லாரும் அந்த ஊஞ்சலைத்தான் சொல்றாங்க, நானும் அந்தக் கட்டுரையில அதைத்தான் உருகி உருகி எழுதியிருக்கேன், அது என் தப்பு. 1952ல வந்த படம், ரெண்டே கால் மணி நேரத்துக்கு மேல ஓடும், ஆனா அந்த கிளார்க்கு வத்தனாபே படம் முடிய இன்னும் முக்கா மணி நேரம் இருக்கறப்பவே செத்துப் போயிடறார். அதுக்கப்புறம் பெரும்பாலும் எழவு வீடுதான். அவரு போட்டோ முன்னாடி ஆபீஸ்காரங்க எல்லாரும் வரிசையா உக்காந்து குடிக்கறாங்க, சாகறதுக்கு முன்னாடி ஒரு சாக்கடைக் குட்டையை மூடி அவரு கட்ட வச்ச பார்க் யாரால வந்துச்சுன்னு பேச்சு வருது, துணை மேயர்ல ஆரம்பிச்சு ஆளாளுக்குப் பேரைப் பங்கு போட்டுக்கறாங்க, செத்தவனுக்கு மட்டும் பங்கு இல்லை. அந்தச் சாக்கடைக் குட்டையை மூடச் சொல்லி ஆபீஸ் ஆபீஸா அலைஞ்ச பொம்பளைங்க வந்து ஒண்ணுமே பேசாம அழுதுட்டுப் போறாங்க, அப்ப ரூம்ல யாருக்கும் மூஞ்சி காட்ட முடியலை. நீங்க அழுத அந்த ஊஞ்சல் சீனையே நாம எப்பப் பாக்கறோம்னு கவனிச்சீங்களா, அவரு செத்ததுக்கு அப்புறம், ரோந்து போன போலீஸ்காரர் ஒருத்தர் தொப்பியைக் கொண்டுவந்து குடுத்துட்டு சொல்லித்தான் பாக்கறோம். சரி, போதையில எல்லாரும் சத்தியம் பண்றாங்க, நாளையில இருந்து நாமளும் அவரு மாதிரி வேலை செய்யணும்னு. மறுநாள் ஆபீஸ். ஒரு மனு வருது, புதுசா அந்த நாற்காலிக்கு வந்தவரு அதே பழைய பதிலைச் சொல்லி வேற செக்ஷனுக்குத் தள்ளி விடறார். ஒருத்தன் மட்டும் வெடுக்குன்னு எந்திரிச்சு நிப்பான், எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க, அப்பிடியே மெதுவா உக்காந்துருவான், காகிதக் கட்டு அவனை மறைச்சுடும்.

ஆக காலையில எந்திரிச்சா எதுவும் மாறலைன்னு நீங்க எழுதினது படத்துக்கு எதிரா சொன்ன வார்த்தை இல்லை தம்பி, படம் சொல்றதே அதைத்தான். அந்தக் காகிதக் கட்டுக்குப் பின்னாடி உக்காந்தவன் நீங்க. நானும்தான்.

எங்கம்மா 2024 ஆடியில போனாங்க. ஆடின்னா சேலத்துல எப்பிடி இருக்கும்னு சூரமங்கலத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கோட்டை மாரியம்மனுக்கு பூச்சாட்டினதுல இருந்து ஊரே மைக் செட்டுதான், குகையில வண்டி வேடிக்கை, எங்க அம்மாபேட்டையில தெருவுக்குத் தெரு சீரியல் லைட்டு. அந்த வாரத்துலதான் அம்மா போகணும்னு இருந்துச்சு. தெருக்காரங்க நல்லவங்க, பாடை தெருவைத் தாண்டற வரைக்கும் பாட்டை நிறுத்தி வச்சாங்க. நாங்க காட்டுல இருந்து தலை முழுகிட்டு திரும்பி வர்றதுக்குள்ள மறுபடி போட்டுட்டாங்க. அப்ப எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே, அந்த ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி சாக்கடையில போடணும்னு இருந்துச்சு.

அதுக்கு முன்னாடி பிளக்ஸ் கதையைச் சொல்லணும். எங்க சித்தப்பா பையன் ஒருத்தன், வார்டுல ஒரு கட்சியில பொறுப்புல இருக்கான், அம்மா போன அரை மணி நேரத்துல அவன்தான் போன்ல நின்னான். பிளக்ஸ் கடையில மொத கேள்வியே என்ன தெரியுங்களா, செத்தவங்க பேரு இல்லை, வயசு இல்லை, "எந்தக் கட்சிங்ணா?" கட்சி சொன்னாத்தான் கலரு வரும், மேல எந்தத் தலைவருங்க வரிசைன்னு தெரியும். சாயங்காலம் தெருமுக்குல கட்டியாச்சு. மேல நாலு தலைவருங்க வட்டத்துக்குள்ள சிரிச்சுட்டு இருக்காங்க, கீழ கைகூப்பிட்டு எங்க வார்டு ஆளுங்க பதினோரு பேரு, நடுவுல அம்மா. தோற்றம், மறைவுன்னு ரெண்டு தேதி. தோற்றம் தேதி அவனா போட்டது, அம்மாவுக்கே அவங்க பொறந்த தேதி தெரியாது, ஒரு பஞ்சத்துக்கு அடுத்த வருஷம்னு மட்டும் சொல்வாங்க. அந்த நாலு தலைவருல ரெண்டு பேரை அம்மா டிவியில பார்த்தா வாயில வர்ற வார்த்தையை நான் இங்க எழுத முடியாது.

போட்டோ ஒரு பழைய கல்யாண ஆல்பத்துல இருந்து எடுத்தது. கூட்டமா நிக்கற போட்டோவுல இருந்து அம்மாவை மட்டும் வெட்டி எடுத்து பின்னாடி ரோஜாப்பூவும் மேகமும் வச்சிருக்கான் டிசைனர். அவசரத்துல சரியா வெட்டலை. அம்மாவோட எடது தோள்மேல யாரோட கையோ அப்பிடியே இருக்கு, நாலு விரல். ஆள் இல்லை, விரல் மட்டும். அன்னிக்கு அதை யாரும் பார்க்கலை, நானும் பார்க்கலை.

இதைக் கிண்டலாத்தான் ரொம்ப நாள் சொல்லிட்டு இருந்தேன், எழவு வீட்லயும் இவனுங்க அரசியல் பண்றானுங்கன்னு. ஆனா உண்மை என்னன்னா ஃப்ரீஸர் பாக்ஸ் கொண்டுவந்தது அவன், பறை அடிக்கறவங்களுக்குச் சொல்லி விட்டது அவன், சுடுகாட்டுல பேசி முடிச்சது அவன், இறப்புச் சான்றிதழுக்கு நாலு தடவை அலைஞ்சது அவன், பாடையில முன்பக்கம் ஒரு கை குடுத்ததும் அவன். நான் புத்தகம் படிச்சவன், திண்ணையில உக்காந்துட்டு இருந்தேன். எவன் ஜெயிச்சா என்னன்னு கேட்டீங்க இல்லையா, எனக்கும் அது தோணாம இல்லை, ஆனா அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டு வாசல்ல அரசியல்ங்கறது ஒரு ஃப்ரீஸர் பாக்ஸா வந்து எறங்குச்சு, அது வரலைன்னா என்ன ஆயிருக்கும்னு நினைச்சுப் பார்க்கறேன். உங்க அப்பாவுக்கும் யாராவது ஒருத்தன் ஓடியிருப்பான். அவன் எந்தக் கட்சின்னு விசாரிச்சுப் பாருங்க.

இப்ப 2025 நவம்பர். வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம்னு வீடு வீடா படிவம் குடுத்தாங்களே, அது எங்க வீட்டுக்கும் வந்துச்சு. எங்க பாகத்துக்கு பிஎல்ஓ, அதான் வாக்குச்சாவடி அலுவலர், அங்கன்வாடி டீச்சரம்மா. கையில ஒரு கட்டு, நெத்தியெல்லாம் வேர்வை, ஒரு நாளைக்கு எத்தனை படி ஏறி எறங்கறாங்களோ. ஒவ்வொருத்தர் பேருலயும் போட்டோவோட அச்சடிச்ச படிவம் ரெண்டு காப்பி. என்னுது, வீட்டுக்காரம்மாது, பொண்ணுது எடுத்துக் குடுத்துட்டு கடைசியில அம்மாவுது. நாங்க யாரும் பேரை எடுக்கச் சொல்லி எழுதிக் குடுக்கலை, அதனால பட்டியல்ல அம்மா உயிரோடதான் இருந்திருக்காங்க. வாக்காளர் அட்டை போட்டோ யாருக்கும் அவங்க மூஞ்சி மாதிரி இருக்காது, அம்மாவுக்கும் ஏதோ ஸ்டேஷன்ல புடிச்சு வச்ச மாதிரி ஒரு முழி.

"அம்மா இல்லீங்களாண்ணா?"ன்னு கேட்டாங்க. போயி வருஷம் தாண்டிடுச்சுன்னேன். வருத்தம் கிருத்தம் எதுவும் சொல்லலை, பேனாவை எடுத்து ஏதோ குறிச்சாங்க, கொஞ்ச நேரம் அந்தப் போட்டோவையே பார்த்தாங்க, அப்புறம், "எங்க சென்டருக்கு உங்கம்மாதான் கறிவேப்பிலை குடுப்பாங்க, அந்த மரம் இருக்குதுங்களா?" கொல்லைக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு கொத்து ஒடிச்சுக் குடுத்தேன். பையில படிவக் கட்டு மேலயே வச்சுட்டுப் போனாங்க. எங்கம்மா அங்கன்வாடிக்கு கறிவேப்பிலை குடுத்தது எனக்குத் தெரியவே தெரியாது.

அந்தப் படிவத்துல கீழ ஒரு பகுதி, முந்தின தீவிரத் திருத்தப் பட்டியல்ல, அதாவது 2002, சில தொகுதிக்கு 2005, அதுல உங்க பேரோ அப்பா அம்மா பேரோ எங்க இருக்குன்னு எழுதணும். இது ஒரு பெரிய கூத்து. இன்னிக்கு சேலம் வடக்கு, தெற்கு, மேற்குன்னு இருக்கறது அன்னிக்கு சேலம் ஒண்ணு, சேலம் ரெண்டு. எந்தத் தெரு எதுலன்னு கண்டுபுடிக்கறதுக்குள்ள தாவு தீந்துடுச்சு. பழைய பட்டியல் போட்டோ எதுவும் இல்லாத வெறும் பேரு, வரிசை எண், வீட்டு எண், தகப்பன் பேரோ புருஷன் பேரோ, ஆணா பெண்ணா, வயசு, அவ்வளவுதான். பொண்ணு லேப்டாப்ல எறக்கிக் குடுத்துட்டு தூங்கப் போயிட்டா. பத்து மணிக்கு உக்காந்தவன், அப்பா பேரு அரை மணி நேரத்துலயே கிடைச்சுடுச்சு, அப்பவே எழுதிட்டு படுத்திருக்கலாம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிச்சேன்.

ஏன்னா அது வீட்டு எண் வரிசைல இருக்கு தம்பி. படிக்கப் படிக்க தெருவுல நடந்து போற மாதிரி. இந்தப் பேருக்கு அடுத்து இந்தப் பேரு வருதுன்னா அந்தத் திண்ணைக்கு அடுத்த திண்ணை. விடியக்காலையில தறிக்கு தெரு நீளத்துக்கு நூலை இழுத்து பாவு ஓட்டற தாத்தா, அவரு பேரு இதுதானா, நாங்க எல்லாம் 'பாவு தாத்தா'ன்னுதான் கூப்புட்டோம். சைக்கிள் கடைக்காரரு, ஓரணாவுக்கு காத்தடிச்ச காலத்தைப் பத்தியே பேசுவாரு. மூணு தறி ஓட்டின வீட்ல எட்டு ஓட்டு, இன்னிக்கு அந்த எடத்துல மொபைல் கடை. மூணாவது வீட்டு அக்கா, வயசு 34ன்னு போட்டிருக்கு, அதுக்கு அடுத்த வருஷம் அந்தக்கா கெணத்துல விழுந்துச்சு. அரசாங்கத்துக்கு அது தெரியாது, அந்தப் பட்டியல்ல அந்தக்கா 34லயே இருக்கு. பாதிக்கு மேல இல்லாதவங்க. வரிசை எண் போட்டு, வயசு போட்டு, யாரு மகன் யாரு பொண்டாட்டின்னு போட்டு. ஒப்பாரியில இப்பிடித்தானே பாடுவாங்க, பேரைச் சொல்லி, வீட்டைச் சொல்லி, உறவைச் சொல்லி. எந்தக் கவிஞனும் எழுதாம, டைப் அடிக்கத் தெரிஞ்ச யாரோ ஒருத்தர் கூலிக்கு அடிச்ச ஒப்பாரி. இந்த வருஷம் நான் படிச்சதுலயே என்னை ரொம்ப ஆட்டினது அந்தப் பிடிஎஃப்தான். விளையாட்டுக்குச் சொல்லலை.

உங்க மொதக் கேள்விக்கு இப்ப என்னால முடிஞ்ச பதில் இதான். சாவைப் பத்தின கலை நம்மளைச் சாவுக்குத் தயார் பண்ணும், ஆறுதல் குடுக்கும், பக்குவம் வரும்னு சொல்றாங்களே, எனக்கு அப்பிடி ஒண்ணும் வரலை, வந்தவங்களையும் நான் பாக்கலை. அது செய்யற வேலை ரொம்பச் சின்னது. போனவன் இன்னார்தான்னு புடிச்சு வைக்குது. மத்த எல்லாமே ஆளை அழிச்சுட்டு வேற ஏதோ ஆக்கிடுது. பிளக்ஸ் அவங்களைத் தியாகி ஆக்கும், சாஸ்திரம் பிண்டம் ஆக்கும், நம்ம துக்கமே கூட அவங்களை ஒரு நல்லவங்க ஆக்கிடும். அந்த ஊஞ்சல்ல உக்காந்திருக்கறது 'ஒரு கேன்சர் நோயாளி' இல்லை, புதுத் தொப்பி போட்ட, குரல் கம்மின வத்தனாபே. அதுக்கு மேல அந்தப் படத்துகிட்ட கேக்க எனக்கு ஒண்ணும் இல்லை.

அரசியல் வேற ஒண்ணு பண்ணுது, எண்ணுது. டிசம்பர் 19 வரைவுப் பட்டியல் வந்துச்சே, தமிழ்நாடு முழுக்க சுமார் 97 லட்சம் பேரு பேரு இல்லை, 6.41 கோடி 5.43 கோடி ஆயிடுச்சு. அந்த 97ல கிட்டத்தட்ட 27 லட்சம் பேரு இறந்தவங்க, மிச்சத்துல பெரும்பாலும் குடிமாறிப் போனவங்கன்னு கணக்கு. அந்த 27 லட்சத்துல எங்கம்மா ஒண்ணு. செத்தவங்க பேரை எடுக்கத்தான் வேணும், அதுல எனக்கு சண்டை இல்லை, எங்கம்மா ஓட்டை இன்னொருத்தன் போட்டா நான் விடுவேனா. ஆனா வந்த அன்னிக்கு வீட்ல இல்லாதவனும் உலகத்துலயே இல்லாதவனும் பக்கத்துப் பக்கத்துல ஒரே தாள்ல ஒட்டப்படறது எனக்குச் சரியாப் படலை. எங்க தெருவுலயே தறி போயி திருப்பூருக்குப் பொழைக்கப் போன குடும்பம் எத்தனை. நான் இருக்கேன்னு நானே போயி நிரூபிக்கணும், அதுவும் ஒரு மாசம் பத்து நாள்ல, அதுவும் இருபது வருஷத்துக்கு முந்தின காகிதத்தைக் காட்டி. படிச்ச எனக்கே அரை மணி நேரம் ஆச்சு. அரசியல் எழுத மாட்டேங்கறேன்னு சொன்னீங்க, எழுதிட்டேன், போதுங்களா.

எண்ணறதைப் பத்தி இன்னொண்ணு. எங்க தாத்தா தறிக்காரர், சிவப்புத் துண்டு. 1950 பிப்ரவரி 11 சேலம் சிறையில சுட்டாங்களே, கம்யூனிஸ்ட் கைதிங்க 22 பேரு செத்தாங்களே, அந்தப் பேருங்களை விரல் விட்டு ஒண்ணொண்ணா சொல்வாரு. கண்ணை மூடிட்டு, ரெண்டு கை விரலும் ரெண்டு சுத்து வந்து அப்புறம் ரெண்டு விரல். எனக்கு அந்த எண்ணுதான் ஞாபகம் இருக்கு, பேருங்க போயிடுச்சு. என் தப்புதான். 2025 செப்டம்பர் 27 கரூர்ல கட்சிக் கூட்ட நெரிசல்ல 41 பேரு போனாங்க, அன்னிக்கு ராத்திரி பதினோரு மணிக்கு எங்க தெரு வாட்ஸப் குரூப்லயும் உங்க குரூப் மாதிரி சண்டைதான், ஆஸ்பத்திரியில இன்னும் பேரு கூடத் தெரியலை, இங்க யாரு காரணம்னு தீர்ப்பே வந்துடுச்சு. கேள்வி கேக்க வேணாம்னு சொல்லலை. செத்தவங்கள்ல ஒரு பேரு சொல்லுன்னு கேட்டேன் குரூப்ல. ஒருத்தன் 'அட்மின் இவரைத் தூக்குங்க'ன்னான்.

சரி, பஜ்ஜிக்கு வர்றேன்.

புறநானூறுல 194ஆவது பாட்டு, பக்குடுக்கை நன்கணியார் பாடினது, ஏழே வரி. "ஓரில் நெய்தல் கறங்க, ஓரில் ஈர்ந்தண் முழவின் பாணி ததும்ப"ன்னு ஆரம்பிக்கும். ஒரு வீட்ல சாவுப் பறை, ஒரு வீட்ல கல்யாண மேளம், ஒருத்தி பூ வச்சுக்கறா, ஒருத்தி அழுதுட்டு இருக்கா. இப்பிடிப் படைச்சானே அவன் பண்பில்லாதவன்னு படைச்சவனையே திட்டறாரு, "பண்பிலாளன்" அவரு வார்த்தைதான். அந்த வார்த்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நான் அன்னிக்கு ஆம்ப்ளிஃபயரைப் பார்த்து சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான், கொஞ்சம் சேலம் தமிழ்ல. கடைசியில "இன்னாது அம்ம இவ்வுலகம், இனிய காண்க இதன் இயல்புணர்ந்தோரே"ன்னு முடிச்சுடறாரு. உலகம் கொடுமைதான், அதோட இயல்பு தெரிஞ்சவங்க இனியதைப் பாருங்க. காலேஜ்ல வாத்தியார் இதை பாசிட்டிவ் திங்கிங்னு நடத்தினாரு, பாவம். எனக்கு என்ன படுதுன்னா, இனியதைத் தேடிப் போன்னு அவரு சொல்லலை, காண்கன்னுதான் சொல்றாரு. அது ஏற்கனவே அடுத்த வீட்ல இருக்கு, மேளம் காதுல விழுந்துட்டே இருக்கு, நீ பார்க்கலைன்னாலும் அது நடக்கும்.

காட்டுல இருந்து திரும்பி வந்தேன்னு சொன்னேன்ல, பாட்டு போட்டுட்டாங்கன்னு. ஆத்திரத்தோட தெருமுக்கு வந்தா எங்க அத்தை பேத்தி, நாலு வயசு, காலையில இருந்து வீட்ல யாரும் கண்டுக்காத புள்ளை, மைக் செட் கொழாய்க்குக் கீழ நின்னு ஆடிட்டு இருக்கு. பின்னாடி அம்மாவோட பிளக்ஸு. ஈர வேட்டியோட நாங்க பதினஞ்சு பேரு நிக்கறோம். அது எங்களைப் பார்த்து வெக்கப்பட்டு நிறுத்திச்சு, மொட்டைத் தலையோட என்னைப் பார்த்ததும் கெக்கெக்கேன்னு சிரிச்சுச்சு. மொதல்ல சிரிச்சது எங்க பெரிய மாமா. அப்புறம் எல்லாரும். அம்மாவை எரிச்சுட்டு வந்து கால் மணி நேரம் கூட ஆகலை. நீங்க பஜ்ஜி சாப்புட அஞ்சு மாசம் காத்திருந்தீங்க.

நவம்பர் கடைசியில நானும் மலைக்குப் போயிருந்தேன், தெரிஞ்சவரு ஒருத்தரோட காப்பித் தோட்டம், பழம் பறிக்கற சீசன். மலையாளின்னு சொல்ற மலைப் பழங்குடி சனங்க, கேரளாக்காரங்க இல்லை, பொம்பளைங்கதான் அதிகம், இடுப்புல பையைக் கட்டிட்டு செவந்த பழமா பார்த்துப் பறிக்கறாங்க, சில்வர் ஓக் மரம் பூரா மிளகுக் கொடி, பத்து மணி வரைக்கும் பனி எறங்கவே இல்லை. ஒரு பழத்தை வாயில போட்டு தோலைச் சப்பினா லேசா இனிக்கும், கொட்டையைத் துப்பிடணும், சின்னப்புள்ளையில இருந்து இந்தப் பழக்கம் எனக்கு. தமிழ்நாட்டுல பழங்குடி மக்களுக்குன்னு ஒதுக்கின தொகுதி ரெண்டே ரெண்டு, ஏற்காடும் சேந்தமங்கலமும், அதனால அங்கயும் படிவப் பேச்சுதான் ஓடுது. டீ நேரத்துல ஒரு அம்மா மடியில இருந்து மடிச்சு வச்ச படிவத்தை எடுத்துச்சு, அந்தப் போட்டோவைப் பார்த்து பக்கத்துல இருக்கற பொண்ணு "இது யாரு, உன் மாமியாளா?"ன்னுச்சு. அவ்வளவுதான், ஒவ்வொருத்தியா அவங்கவங்க படிவத்தை எடுக்க, ஒருத்தி போட்டோவை இன்னொருத்தி பிடுங்க, மேஸ்திரி கத்தற வரைக்கும் சிரிப்புதான். ரெண்டு நாளைக்கு முன்னாடி அதே போட்டோ எங்க வீட்ல என்ன பண்ணுச்சுன்னு நினைச்சுட்டு நானும் சேர்ந்து சிரிச்சேன். திருடின மாதிரி இல்லை தம்பி. திருடினா யாரோட பொருளையாவது எடுத்திருக்கணும்ல.

அந்த விரலைப் பத்தி சொல்லாம விட்டுட்டேன். பிளக்ஸு ரெண்டு மாசம் தெருவுல காஞ்சு வெளுத்து, சித்தப்பா பையன் அவுத்து சுருட்டிக் கொண்டுவந்து குடுத்தான். வீணாக்குவானேன்னு கொல்லையில வாஷிங் மெஷின் மேல போர்த்தியாச்சு, எந்த வீட்லதான் இல்லை. அந்த பிஎல்ஓ அம்மாவைக் கறிவேப்பிலைக்குக் கூட்டிட்டுப் போனப்ப மழை தூறிட்டு இருந்துச்சு, பிளக்ஸ்ல தண்ணி தேங்கி தலைவருங்க எல்லாம் முழுகிட்டாங்க, அம்மா தோளு மட்டும் மேடா மெஷின் மூலையில தூக்கி நிக்குது. சுண்டு விரலு உள்பக்கமா வளைஞ்சிருந்துச்சு. தறியில மாட்டி ஒடைஞ்சு சரியா கூடாம போன விரல், எங்கப்பாவுது. அவரு 2006ல போயிட்டாரு. நாலு பேரு பாக்க அம்மாவைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை, அந்தக் கல்யாணத்துல போட்டோகிராபர் கை போடுங்கன்னு சொல்லியிருப்பான். பழைய பட்டியல்ல அன்னிக்கு ராத்திரி நான் மொதல்ல தேடினது அந்த ஆளைத்தான். அடுத்தடுத்த வரிசை எண்ல ரெண்டு பேரும் இருக்காங்க, அப்பா, அதுக்குக் கீழ அம்மா, புருஷன் பேருங்கற எடத்துல மறுபடி அப்பா.

உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேன். அப்பா எப்பப் போனாருன்னு இருக்கு, நீங்க என்ன படம் பார்த்தீங்க, எங்க சாப்புட்டீங்கன்னு இருக்கு, அவரு என்ன மாதிரி ஆளுன்னு ஒரு வரி இல்லை. என்ன வேலை பார்த்தாரு? சாயங்காலம் திங்கறதுல தட்டுவடை செட்டா, நொறுக்கலா, எது பிடிக்கும்? எந்தத் தலைவரைப் பார்த்தா டிவியை நிறுத்துவாரு? அடுத்த கடிதத்துல எழுதுங்க, நீளமா எழுதினாலும் பரவால்லை. அப்புறம் அந்த ஏரிக்கரை ஜோக்கு, அவரு இருந்திருந்தா வீட்டுக்குப் போயி அவருகிட்ட சொல்லியிருப்பீங்களா, இல்லை அப்பாகிட்ட சொல்ற மாதிரி ஜோக்கு இல்லையா? எதுவா இருந்தாலும் அதையும் சேர்த்து அனுப்புங்க, இங்க போடற மாதிரி இருந்தா போடறேன்.

அன்புடன்,
அம்மாபேட்டையில இருந்து, மார்கழி